சாமுராய் சாய்ந்த 47-ஆவது ஓட்டம்: விளம்பரமே வாங்காத பத்திரிகையின் கார் சோதனை ஏன் நீதிமன்றம் போனது?

கார் ரிவ்யூக்களில் ஓரவஞ்சனை என்றால் பேச்சு நேராகப் பணத்துக்குப் போய்விடும். கம்பெனி செலவில் விமானப் பயணம், சொகுசு ஹோட்டல், பக்கம் பக்கமாக விளம்பரம், சோதனைக்கென்றே தயார் செய்து அனுப்பிய வண்டி. இதில் உண்மை உண்டு. 2005 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் டான் நீல் போன்டியாக் ஜி6 காரை விமர்சித்தார். கூடவே ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையையும் ஒரு பிடி பிடித்தார். உடனே அந்த நிறுவனம் பத்திரிகைக்குத் தந்துவந்த விளம்பரங்களை நிறுத்தியது. ஆகஸ்டில்தான் அவை திரும்பின. முந்தைய ஆண்டுதான் அவர் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கியிருந்தார். பெரிய பத்திரிகையின் பரிசு பெற்ற எழுத்தாளருக்கே இந்தக் கதி என்றால், மாதாந்திர விளம்பரத்தை நம்பி ஓடும் சிறிய இதழ் எப்படி எழுதும் என்பது ஊகிக்க முடியாததல்ல.

ஆனால் பணத்தை மட்டும் பார்த்தால் இன்னொரு ஓட்டை கண்ணில் படாது. சோதனையைச் செய்யும் விதத்திலேயே சாய்வு நுழைந்துவிட முடியும். அதற்கு நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட நிகழ்வு, அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 1988-இல் சுசூகி சாமுராய்க்குத் தந்த ‘ஏற்கத்தக்கதல்ல’ என்ற தீர்ப்பு. அதை வெளியிடுவது, அப்போது கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்ற பெயரில் இயங்கிய, 1936-இல் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு. விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் கார்களைத் தன் பெயரை வெளிப்படுத்தாமல் டீலரிடம் காசு கொடுத்து வாங்குகிறது. வழக்கமான சந்தேகங்கள் எதற்கும் இடம் தராத ஏற்பாடு. அப்படியிருந்தும் 8 ஆண்டுகள் வழக்கு நடந்தது.

வண்டி

சாமுராய் நமக்கு அந்நியமான வண்டி அல்ல. சுசூகியின் எஸ்ஜே குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் நீளமான உறுப்பினர்தான் 1985 இறுதியில் இந்தியாவில் வந்த மாருதி ஜிப்சி. ஜிப்சியின் சக்கர இடைத்தூரம் 2375 மி.மீ, சாமுராய்க்கு ஏறத்தாழ 2030 மி.மீ. 1.3 லிட்டர் எஞ்சின், முன்னும் பின்னும் திட அச்சு, நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். காட்டுப் பாதைக்கு அருமையான அமைப்பு. அமெரிக்காவில் இது விற்பனைக்கு வந்தது 1985 நவம்பரில். விலை குறைவு என்பதால் கல்லூரிப் பிள்ளைகள் முதல் கடற்கரை ஊர்க்காரர்கள் வரை வாங்கித் தார்ச்சாலையில் சாதாரண கார் போல ஓட்டினார்கள். 1987-இல் மட்டும் 80 ஆயிரத்துக்கு மேல் விற்றது.

உயரமான, குறுகலான வண்டி கவிழுமா என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தட அகலத்தை, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். வரும் எண்ணை நிலைச் சமநிலைக் காரணி எனலாம். சாதாரண கார்களுக்கு இது 1.30 முதல் 1.50 வரை இருக்கும். எஸ்யூவிகளுக்கு 1.00 முதல் 1.30 வரை. ஜிப்சியை வைத்தே பார்க்கலாம். ஆரம்பகால ஜிப்சியின் தட அகலம் முன்பக்கம் 1210 மி.மீ அளவில் இருந்தது. 1993-இல் வந்த அகலத் தட ஜிப்சியில் அது 90 மி.மீ கூடி 1300 ஆனது. ஈர்ப்பு மைய உயரத்தைக் கணக்குக்காக 600 மி.மீ என்று வைத்தால் பழைய வண்டிக்கு 1.01, புதியதற்கு 1.08 வரும். அமெரிக்க அரசு பின்னாளில் கொண்டுவந்த நட்சத்திர அளவில் 1.03-க்குக் கீழே ஒரு நட்சத்திரம், 1.04 முதல் 1.12 வரை இரண்டு. கை அகலம் கூட இல்லாத மாற்றம். ஆனால் ஒரு படி ஏற்றிவிடுகிறது.

சமதளமான காய்ந்த தார்ச்சாலையில் சாதாரண டயரின் பக்கவாட்டுப் பிடிப்பு 0.7 முதல் 0.9 ஜி வரைதான் (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு). காரணி அதைவிட அதிகமாக இருந்தால் வண்டி கவிழுமுன் வழுக்க வேண்டும். காகிதத்தில் அப்படி. நடைமுறையில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் வெட்டி, உடல் சாய்ந்து நிற்கும்போதே எதிர்ப்பக்கம் வெட்டினால், ஒரு பக்கம் அமுங்கிய ஸ்பிரிங்குகள் எழும்பி உடலை மறுபக்கம் வீசும். அந்த வீச்சில் உட்பக்கச் சக்கரங்கள் எழும்பலாம். எவ்வளவு வேகமாக வெட்டினார்கள், எந்தக் கணத்தில் திருப்பினார்கள் என்பதைப் பொறுத்து அதே வண்டி ஒருமுறை அமைதியாகப் போகும், மறுமுறை இரண்டு சக்கரத்தில் நிற்கும். வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சோதனைத் தளத்தில் நடந்தது

இதழின் தீர்ப்பு வருமுன்பே சாமுராய் மேல் சந்தேகம் படிந்திருந்தது. 1988 பிப்ரவரியில் வாகனப் பாதுகாப்பு மையம் என்ற நுகர்வோர் அமைப்பு, இந்த வண்டியைத் திரும்பப் பெறச் சொல்லி அரசிடம் மனுக் கொடுத்திருந்தது. அதன் பிறகு கன்ஸ்யூமர்ஸ் யூனியன் தன் வழக்கமான தவிர்ப்புச் சோதனையில் சாமுராயையும் அதே வகை வேறு சில வண்டிகளையும் ஓட்டியது. கூம்புகளை நட்டுப் பாதை குறிப்பார்கள். எதிரே தடை இருப்பதாக வைத்து ஓட்டுநர் இடப்பக்கத் தடத்துக்கு வெட்டி, உடனே தன் தடத்துக்குத் திரும்ப வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடிப்பது மனிதக் கை. வண்டி முழுதாகக் கவிழாமலிருக்கப் பக்கவாட்டில் தாங்குசட்டங்கள் பொருத்தியிருப்பார்கள்.

நீதிமன்ற ஆவணங்களில் வரும் கணக்கு இது. வழக்கமான நீளப் பாதையில் சோதனை ஓட்டுநர்கள் சாமுராயை 37 முறை ஓட்டினார்கள். ஒருமுறையும் சக்கரம் எழும்பவில்லை. பிறகு அமைப்பின் தொழில்நுட்பத் தலைவரே வண்டியில் ஏறினார். அவருடைய பத்தாவது ஓட்டத்தில், மொத்தத்தில் 47-ஆவதில், வண்டி இரண்டு சக்கரத்தில் சாய்ந்தது. அதன்பின் பாதையின் அமைப்பை மாற்றி, திருப்பங்களை இறுக்கினார்கள். அந்தக் குறுகிய பாதையில் சாமுராய் தாங்குசட்டம் தரையில் படும் அளவுக்குச் சாய்ந்தது. படம் பிடிக்கப்பட்டது. 1988 ஜூன் 2 அன்று பத்திரிகையாளர் கூட்டம். ஜூலை இதழில் ‘ஏற்கத்தக்கதல்ல’. சாய்ந்து நிற்கும் வண்டியின் காட்சி தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டே இருந்தது. 1989-இல் விற்பனை 5 ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கைக்கு விழுந்தது.

அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1988 செப்டம்பரில் திரும்பப் பெறும் கோரிக்கையை நிராகரித்தது. சாமுராயின் கவிழ்தல் விபத்து விகிதம் அதே வகை வண்டிகள் பெரும்பாலானவற்றின் வரம்புக்குள்ளேயே இருப்பதாகச் சொன்னது. சோதனை முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, அதை நிஜ விபத்துகளோடு இணைக்க முடியாது என்பதும் அதன் கருத்து.

வழக்கு

1996-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் 60-ஆம் ஆண்டு நிறைவில் சாமுராய் சோதனையை ஒரு சாதனையாக மீண்டும் குறிப்பிட்டது. சுசூகி அதைப் பிடித்துக்கொண்டு கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. வண்டியைச் சாய்த்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் சோதனையைத் திருத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. புதிய தலைமையகம் வாங்கிய வகையில் அமைப்புக்குக் கடன் இருந்தது, பரபரப்பான இதழ் தேவைப்பட்டது என்றும் சுசூகி வாதிட்டது. விளம்பரம் வாங்காத பத்திரிகைக்கும் சந்தா என்று ஒன்று இருக்கிறதல்லவா! கன்ஸ்யூமர்ஸ் யூனியனின் பதில்: ஒரு ஓட்டத்தில் உண்மையான ஆபத்து வெளிப்பட்டது, அது தற்செயலா இல்லையா என்று பார்க்கவே பாதையை மாற்றினோம், அதே பாதையில் மற்ற வண்டிகள் சாயவில்லை.

2000-இல் கீழ் நீதிமன்றம் விசாரணைக்கே போகாமல் வழக்கைத் தள்ளியது. 2002 ஜூனில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, ஜூரி முன் போகத்தக்க வழக்கு என்றது. இதைப் பலர் ‘சோதனை மோசடி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது’ என்று எழுதுகிறார்கள். அது சரியல்ல. சுசூகி காட்டிய சான்றுகளை ஒரு ஜூரி நம்ப இடமிருக்கிறது என்பதோடு நீதிமன்றம் நின்றுகொண்டது. அமெரிக்கச் சட்டப்படி இப்படிப்பட்ட வழக்கில் எழுதியது தவறு என்று காட்டினால் போதாது. தவறு என்று தெரிந்தோ, தவறாக இருக்கலாம் என்பதைப் பொருட்படுத்தாமலோ வெளியிட்டதாகக் காட்ட வேண்டும். வழக்கு விரிந்த அமர்வுக்குப் போக வேண்டும் என்று 11 நீதிபதிகள் சொன்னார்கள், பெரும்பான்மை கிடைக்கவில்லை. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2004 ஜூலையில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. பணம் கைமாறவில்லை. ‘ஏற்கத்தக்கதல்ல’ என்ற முத்திரையையும் பத்திரிகை திரும்பப் பெறவில்லை. ஆனால் சாமுராய் திருப்பங்களில் ‘எளிதாக’ கவிழும் என்று எழுதியது தன் குறுகிய பாதையின் கடுமையான திருப்பங்களைப் பற்றி மட்டுமே, அன்றாட ஓட்டத்தில் அப்படிக் கவிழும் என்று உணர்த்த எண்ணவில்லை என்று கன்ஸ்யூமர்ஸ் யூனியன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 16 ஆண்டுகள் கழித்து வந்த அந்த நிபந்தனை, முதல் நாளே படத்தின் அடியில் அச்சாகியிருக்க வேண்டியது.

அதே பத்திரிகை மீது இசுசு நிறுவனம் தன் டிரூப்பர் எஸ்யூவிக்காகப் போட்ட வழக்கும் கிட்டத்தட்ட இதே தடம். 1996-இல் அதே முத்திரை குத்தப்பட்டது. 2000 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் ஜூரி, கேள்விக்குள்ளான 17 கூற்றுகளில் 8 பொய் என்றது. அவற்றில் ஒன்று உண்மையைப் பொருட்படுத்தாமல் சொன்னது என்றும் கண்டது. இழப்பீடு ஒரு டாலர்கூட இல்லை.

எங்கே வழுக்கியது

பாதையை மாற்றியது தவறா? மாற்றியது மட்டும் தவறல்ல. 37 ஓட்டங்களில் ஒருமுறையும் சாயவில்லை என்பதால் வண்டி பத்திரமானது என்று ஆகிவிடாது. புள்ளியியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஒன்றும் நடக்காத சோதனைகளின் எண்ணிக்கையால் 3-ஐ வகுத்தால், நடக்க வாய்ப்புள்ள விகிதத்தின் மேல் எல்லை சுமாராகக் கிடைக்கும். 3-ஐ 37-ஆல் வகுத்தால் 8 விழுக்காடு. அதாவது நூற்றில் 8 முறை சாயக்கூடிய வண்டியும் 37 ஓட்டத்தில் தப்பிக்கலாம். ஆகவே 47-ஆவது ஓட்டத்தில் சாய்ந்ததைத் துரத்திப் போனது பொறியாளர்கள் செய்ய வேண்டிய வேலைதான். குடும்பத்தோடு ஏறும் வண்டியில் அபூர்வமான ஆபத்தும் ஆபத்துதான்.

கோளாறு ஒப்பீட்டில் இருக்கிறது. சந்தேகப்பட்ட வண்டிக்கு 47 வாய்ப்பு கொடுத்து, ஓட்டுநரையும் மாற்றி, சாய்ந்தவுடன் அதற்கேற்பப் பாதையையும் வரைந்தால், மற்ற வண்டிகளுக்கும் அதே எண்ணிக்கை, அதே கை, அதே விடாமுயற்சி கிடைத்ததா என்ற கேள்வி எழும். சாயும்வரை ஓட்டிப் பார்த்த வண்டியையும், சாயவில்லை என்றதும் இறங்கிவிட்ட வண்டியையும் ஒரே அட்டவணையில் வைக்க முடியாது. அதிலும் புதிய பாதை ஒரு வண்டி சாய்ந்த வழியைப் பார்த்து அமைந்தது. வேறு வண்டிக்கு ஆகாத பாதை வேறு மாதிரி இருக்கலாம். அதை யாரும் தேடவில்லை. இதற்கு யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சந்தேகத்தோடு ஆரம்பித்து, அதற்குச் சாதகமான விடை வந்த இடத்தில் நிறுத்தினால் போதும். நேர்மையானவர்களிடமும் நடக்கும் என்பதாலேயே இது விளம்பரப் பணத்தைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது.

இரண்டாவது பிரச்சினை மனிதக் கை. அரசு இதற்குப் பின்னாளில் கண்ட வழி கவனிக்கத்தக்கது. 2000-இல் நிறைவேறிய சட்டம், கவிழ்தலுக்கு ஓட்டிப் பார்க்கும் சோதனை வேண்டும் என்றது. அப்படி வந்ததுதான் 2004 மாடல்களிலிருந்து நடைமுறைக்கு வந்த தூண்டில் முள் வடிவச் சோதனை. ஸ்டீயரிங்கைத் திருப்புவது ரோபோ. முதலில் மணிக்கு 80 கி.மீ வேகத்தில் மெதுவாகத் திருப்பி, 0.3 ஜி பக்கவாட்டு முடுக்கத்துக்கு எத்தனை பாகை தேவை என்று அளப்பார்கள். அந்தப் பாகையை 6.5-ஆல் பெருக்கினால் சோதனைத் திருப்பம் கிடைக்கும். திருப்பும் வேகம் நொடிக்கு 720 பாகை. உடலின் சாய்வு நிலைக்கு வரும் கணத்தை உணரி காட்டும். அப்போதே எதிர்ப்பக்க வெட்டு. வேகம் 56 கி.மீ-இல் தொடங்கி 80 கி.மீ வரை படிப்படியாக ஏறும். உட்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் 5 செ.மீ எழும்பினால்தான் ‘சாய்ந்தது’. கூர்மையான ஸ்டீயரிங் உள்ள வண்டிக்கும் மந்தமான ஸ்டீயரிங் உள்ள வண்டிக்கும் அவரவர் அளவில் ஒரே கடுமை. யாருக்கு எந்த வண்டி பிடிக்கும் என்பது ரோபோவுக்குத் தெரியாது. இந்தச் சோதனையும் முழுமை அல்ல. தனி வாகனக் கவிழ்தல்களில் 95 விழுக்காடு, மண்ணிலோ நடைபாதை விளிம்பிலோ சக்கரம் தட்டித்தான் நடக்கிறது என்பது அதே நிர்வாகத்தின் கணக்கு. அதனால்தான் நட்சத்திர மதிப்பீட்டில் நிலைச் சமநிலைக் காரணிக்கே இன்னும் அதிக எடை.

அதே பத்திரிகை, வேறு முடிவு

2010 ஏப்ரலில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் லெக்ஸஸ் ஜிஎக்ஸ் 460-க்கு ‘வாங்காதீர்கள்: பாதுகாப்பு ஆபத்து’ என்று முத்திரை குத்தியது. வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வழுக்குகிறது, வண்டி வழுக்காமல் தடுக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு தாமதமாகத்தான் பிடிக்கிறது என்பது கண்டுபிடிப்பு. இந்த முறை நான்கு பொறியாளர்கள் தனித்தனியே ஓட்டி அதையே கண்டார்கள். லெக்ஸஸின் தாய் நிறுவனமான டொயோட்டா அன்றே விற்பனையை நிறுத்தியது, தன் தளத்தில் அதே நிலையை உருவாக்கிப் பார்த்தது, சுமார் 9,400 வண்டிகளைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றியது. மாற்றிய வண்டியை மறுபடி ஓட்டிப் பார்த்த பின்தான் பத்திரிகை முத்திரையை நீக்கியது. நீதிமன்றத்துக்கு வேலையே இல்லை, ஏனென்றால் எதிர்த்தரப்பே செய்து பார்த்து அதே விடையைக் கண்டுவிட்டது.

2018 மே மாதத்தில் டெஸ்லா மாடல் 3. மணிக்கு 60 மைலிலிருந்து நிற்க 152 அடி எடுத்தது. டெஸ்லா சொன்னது 133. முதல் பிரேக் ஏறத்தாழ 130 அடியில் நின்றது என்பதும், அடுத்தடுத்த பிரேக்குகளில்தான் தூரம் கூடியது என்பதும் வெளியானது. முதல் எண்ணை மட்டும் போட்டிருந்தால் டெஸ்லா மகிழ்ந்திருக்கும். கடைசி எண்ணை மட்டும் போட்டிருந்தால் வம்பு வந்திருக்கும். பத்திரிகை இன்னொரு மாடல் 3-ஐக் கடன் வாங்கிச் சோதித்தது, அதிலும் அப்படியே. டெஸ்லா இணையம் வழியே மென்பொருளை அனுப்பியது. மறுசோதனையில் 133 அடி.

இடையில் ஒரு பெரிய சறுக்கலும் உண்டு. 2007 ஜனவரியில் 12 குழந்தை இருக்கைகளில் இரண்டே தேறியதாக எழுதியது. பக்கவாட்டு மோதல் மணிக்கு 38 மைல் அளவில் இருக்க வேண்டியது. வெளி ஆய்வகத்தில் நடந்தது 70 மைலுக்கு மேற்பட்ட மோதலுக்குச் சமமானது. அரசு நிர்வாகம் சுட்டிக்காட்டியதும் இரண்டு வாரத்துக்குள் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. சோதனைச் சூழலை எண்களாகச் சொல்லியிருந்ததால்தான் இன்னொருவரால் பிழையைப் பிடிக்க முடிந்தது.

ரிவ்யூ படிக்கும்போது

இந்த வழக்குகளின் கண்ணோடு ஒரு ரிவ்யூவைப் பார்த்தால், வண்டி யாருடையது என்பதோடு கேள்வி முடியாது. எத்தனை ஓட்டம் ஓட்டினார்கள், போட்ட எண் சிறந்ததா சராசரியா, ஒப்பிட்ட வண்டிகள் அதே நாளில் அதே சாலையில் ஓடினவா? டயர் எந்த மாடல், காற்றழுத்தம் எவ்வளவு, வண்டியில் எத்தனை பேர்? கம்பெனி அனுப்பிய வண்டி என்றால் டயர் விஷயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். டயர் மாறினால் பிரேக் தூரம், வளைவில் பிடிப்பு, சத்தம், மைலேஜ் நான்குமே மாறும். ஷோரூமில் நமக்கு வருவது அதே டயர்தானா என்பதை டீலரிடம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ வேகத்தை எட்டும் நேரத்தைச் சொல்லும் 0-100 எண்களில் இன்னொரு நுணுக்கம். அமெரிக்க இதழ்கள் பல, வண்டி முதல் ஒரு அடி நகர்ந்த பிறகே கடிகாரத்தை ஓட்டும். இழுவைப் பந்தய (டிராக் ரேஸ்) மரபு. அதனால் நேரம் 0.2 முதல் 0.3 நொடி வரை குறையும். நின்ற இடத்திலிருந்தே அளக்கும் இதழின் எண்ணோடு இதை ஒப்பிட்டு ‘அந்த வண்டி வேகமானது’ என்று சண்டை போடுவதில் பொருளில்லை.

மைலேஜ் சோதனைகளில்தான் மிகப் பெரிய ஏமாற்றம், பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்யாதது. டேங்க் நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பும் முறையில், பம்ப் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். 0.3 லிட்டர் பிசகு என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 15 கி.மீ தரும் வண்டியை 100 கி.மீ மட்டும் ஓட்டினால் செலவு 6.67 லிட்டர், பிசகு நாலரை விழுக்காடு, அதாவது 14.4-ஆ 15.7-ஆ என்றே தெரியாது. போட்டி வண்டியோடு அரைக் கிலோமீட்டர் வித்தியாசத்தை வைத்து ‘வென்றது’ என்று எழுதியிருந்தால் அது பம்பின் வெற்றியாகவும் இருக்கலாம். அதையே 500 கி.மீ ஓட்டினால் பிசகு ஒரு விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிடும். ஆகவே மைலேஜ் எண்ணுக்குப் பக்கத்தில் ஓடிய தூரம் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த எண்ணை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.